எண்ணெய் கலக்காத பெட்ரோல்

சமயநல்லூர் ரயில்வே கேட்டைத் தாண்டி மதுரையைப் பார்த்து நடந்துகொண்டிருந்தேன். நான் வந்த லாரி எனக்கு முன்னால் போய்க் கண்ணுக்கு மறைந்துவிட்டது. யாரும் என்னை இறக்கிவிடவில்லை, நானாகத்தான் இறங்கினேன். கிளீனரான எனக்கு இனிமேல் ராத்திரிச் சாப்பாடு கிடையாது என்று டிரைவர் வாடிப்பட்டியில் புதுச் சட்டம் போட்டார். அதற்கு முன்பும் பல ராத்திரிகள் சாப்பாடு இருந்ததில்லை. ஆனால் ஆம்லெட்டைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டே அவர் அதைச் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. கேட்டில் லாரி நின்றதும் என் மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு குதித்துவிட்டேன்.

எண்பதுகளின் ஆரம்பம் அது. எனக்கு இருபது வயது ஆகவில்லை. ஏழாம் வகுப்பில் பாதியில் எழுந்து வந்தவன். இட்லிக் கடை, சுண்ணாம்புக் காளவாசல், அரிசி ஆலை, லாரி என்று வரிசையாகப் பார்த்துவிட்டேன். எதிலும் ஒரு வருஷம் முழுசாக இருந்ததில்லை. ஊர் ஊராகப் போவது மட்டும் அலுக்கவில்லை. அதனால்தான் லாரியில் கொஞ்ச நாள் தாக்குப்பிடித்தேன்.

பரவைக்கு வந்து சேர்ந்தபோது மத்தியானம் சாய்ந்திருந்தது. சந்தைக்கு எதிரே ஒரு டீக்கடை. அதன் முன்னால் மோட்டார் சைக்கிள்கள் இரண்டு வரிசையாக நின்றன. அவ்வளவு வண்டிகளை ஒரே இடத்தில் நான் பார்த்ததில்லை. இடது பக்கம் நின்றவை எல்லாம் இருநூற்றைம்பது சி.சி. வண்டிகள், பக்கத்துக்கு ஒன்றாக இரட்டைப் புகைக் குழல் வைத்தவை. வலது பக்கம் நின்றவை தடதடவென்று ஓடும் பெரிய வண்டிகள். வண்டிக்காரர்களும் அதே மாதிரிதான் பிரிந்து உட்கார்ந்திருந்தார்கள். இடது பக்கத்து ஆள் வலது பக்கத்து பெஞ்சில் டீ குடிக்கவில்லை. திருநகரிலிருந்து ஸ்கூட்டரில் வந்திருந்த ஒருவர் மட்டும் எந்தப் பக்கம் நிறுத்துவது என்று தெரியாமல் வேப்பமரத்தடியில் தனியாக நின்றார்.

நான் தண்ணீர் கேட்கத்தான் ஒதுங்கினேன். இரட்டைக் குழல் பக்கத்திலிருந்து ஒருவர் ஓடி வந்தார். பசுமலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர் என்று பிறகு தெரிந்தது. கழுத்தில் விசில் தொங்கியது.

"தம்பி, வடக்கேருந்துதான வாரீக? ரோட்டுல ஒரு புது வண்டி வந்துச்சா? சத்தமே வேற மாதிரி இருக்கும்."

"எந்த மாதிரிண்ணே?"

அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, வாயைக் குவித்து நீளமாக ஒரு சத்தம் போட்டார். பெரிய வண்டி பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

"மாஸ்டர், வரப்போறது வண்டியா, கொசுவா?" என்றார் அதில் ஒருவர்.

"வரட்டும்ணே, அப்பறம் சொல்லுங்க. முன்னாடி போற கொசுவை ஒங்களால அடிக்க முடியாது."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எந்த வண்டிக்காகக் காத்திருக்கிறார்கள் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நான் லாரியில் இருந்த நாளெல்லாம் சேலத்திலும் திருச்சியிலும் எந்த டீக்கடையில் லாரி நின்றாலும் அந்தப் பேச்சுத்தான். ஜப்பான்காரன் வரைபடத்தைக் கொடுத்து நம் நாட்டிலேயே செய்கிற முந்நூற்றைம்பது. இரண்டு சிலிண்டர், ஆறு கியர். கையைத் திருகினால் முன்சக்கரம் குதிரை மாதிரி எழும்பும் என்றார்கள். மதுரையில் காபி குடித்துவிட்டு டிபனுக்குக் கோயம்புத்தூர் போகலாம் என்றார்கள். பெட்ரோலைக் குடம் குடமாகக் குடிக்கும் என்று ஒரு கட்சி. குடித்தால் என்ன, ஓடுகிறதே என்று இன்னொரு கட்சி. டிரில் மாஸ்டர் சட்டைப் பையில் வெளிநாட்டுப் பத்திரிகையின் தாள் ஒன்று இருந்தது. மடித்து மடித்து, படத்தில் எஞ்சின் இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை விழுந்திருந்தது.

"ஆறு கியர வச்சுக்கிட்டு என்னய்யா பண்றது?" என்றார் பெரிய வண்டி பெஞ்சில் நடுவில் உட்கார்ந்திருந்தவர். "நாலு கியருக்கே இந்த ரோட்டுல வேலையில்ல. குறுக்க ஒரு எருமை நின்னா ஆறையும் திருப்பி எண்ணிக்கிட்டு வரணும்."

இவர் செங்கல் சூளைக்காரர். நாகமலைப் பக்கம் பரம்பரையாக விவசாயம் செய்த குடும்பம். கனத்த உடம்பு, கனத்த வண்டி. அவர் சொன்னால் அந்த பெஞ்ச் முழுக்கத் தலையாட்டியது.

டீ மாஸ்டர்தான் எனக்கு விஷயத்தைச் சொன்னார். வண்டியை எடுத்து வருவது மஹால் பக்கத்தில் இருக்கும் ஒரு சௌராஷ்டிரக் குடும்பத்துப் பிள்ளை. அப்பாவுக்குச் சேலை வியாபாரம், வீட்டிலேயே தறியும் உண்டு. மகன் முன்பு வைத்திருந்த வண்டி மூன்று முறை லாரியில் ஏறித்தான் வீடு திரும்பியதாம். இந்தப் புது வண்டியில் சேலை மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராக அன்றன்றைக்கே போய் வந்துவிடலாம், பஸ்ஸுக்கும் லாரிக்கும் காத்திருக்க வேண்டாம் என்று அப்பாவிடம் கெஞ்சிச் சம்மதம் வாங்கியிருக்கிறான். அப்பா ஒரு நிபந்தனை போட்டுவிட்டார். பெங்களூரில் வண்டியையும் அங்கே வாங்க வேண்டிய பட்டுச் சேலைகளையும் எடுத்துக்கொண்டு, இன்றைக்குச் சாயங்காலம் வீட்டில் விளக்கு ஏற்றுவதற்கு முன்னால் வாசலில் வந்து நிற்க வேண்டும். வண்டி தன் காலாலேயே ஓடி வர வேண்டும். சேலையும் அதே வண்டியில் வர வேண்டும். இல்லாவிட்டால் வண்டியை விற்றுவிடுவார்.

"யாருக்கு விப்பாரு?" என்று கேட்டேன்.

டீ மாஸ்டர் கண்ணால் செங்கல் சூளைக்காரரைக் காட்டினார். "வாங்குன வெலைக்கே எடுத்துக்கிறேன்னு சொல்லி வச்சிருக்காரு. வாயிலதான் கொசு. மனசுல அதுமேலதான் ஆசை."

டீயை வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். டவுனுக்குப் போய் வேலை தேட வேண்டும் என்ற நினைப்பே இல்லை. வடக்கே பார்த்துக் காத்திருந்தவர்களோடு நானும் காத்திருந்தேன். பஸ் வந்தால் டிரைவரிடம் கேட்டார்கள். வைக்கோல் வண்டிக்காரரிடம் கேட்டார்கள். அவர் "வைக்கலா? வித்துப்போச்சு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

முதலில் சத்தம்தான் வந்தது. டிரில் மாஸ்டர் போட்டுக்காட்டிய சத்தம் இல்லை. அவ்வளவு கூச்சல் இல்லாமல், தாழ்ந்த குரலில், எதையோ அடக்கிவைத்திருக்கிற மாதிரி வந்தது. இரண்டு பெஞ்சும் ஒரே நேரத்தில் எழுந்தன. புளியமரங்களுக்கு நடுவே சிவப்பாக ஒன்று வந்து, மெதுவாக வளைந்து, டீக்கடை முன்னால் நின்றது. நிறுத்திய பிறகும் எஞ்சினிலிருந்து சூட்டில் டிக் டிக் என்று சின்னச் சத்தம் வந்துகொண்டிருந்தது. பிறகு எல்லாரும் சேர்ந்து பேசினார்கள்.

ஓட்டி வந்தவனுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். முகம் முழுக்கப் புழுதி, கண் இருந்த இடம் மட்டும் கண்ணாடி போட்டதால் சுத்தமாக இருந்தது.

"ஏன் மாப்ள இம்புட்டு லேட்டு?" என்றார் டிரில் மாஸ்டர்.

"வெரட்டக் கூடாதுன்னு வண்டிக் கடைக்காரர் சத்தியம் வாங்கிட்டாரு மாப்ள. புது எஞ்சின். பழகுற வரைக்கும் பைய பையத்தான் போகணுமாம். நேத்து சேலத்துல தங்கி, காலைலருந்து மாட்டு வண்டி மாதிரி வாரேன். லாரிக்காரன்லாம் முந்திட்டுப் போறான்."

"அப்ப போட்டி கெடையாதா?" என்று பெரிய வண்டிப் பக்கத்திலிருந்து ஒரு குரல். "ஒரு வருசமா எங்கள மெரட்டிட்டு இப்பப் பைய போறேங்குறீக?"

அவன் வானத்தைப் பார்த்தான். "பெட்ரோல் ரிசர்வுக்கு வந்து ரொம்ப நேரமாச்சு. பங்க்ல கேட்டா ஸ்டாக் இல்லைன்னு பலகை தொங்குது."

"நான் எதுக்கு இருக்கேன்?" என்றார் டிரில் மாஸ்டர். காலையிலேயே டவுனில் வாங்கி, ஒரு பெரிய தகர டின்னில் கொண்டுவந்திருந்தார். அவன் முகம் கழுவிக்கொண்டிருந்தான். ஒருவர் மாலை போட்டார், ஒருவர் எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தடியில் வைத்தார். இன்னொருவர் வாயில் லட்டைத் திணித்தார். அதற்குள் டிரில் மாஸ்டர் டின்னைச் சாய்த்து ஒரு சொட்டு மிச்சமில்லாமல் டாங்கில் ஊற்றி முடித்தார்.

கிளம்பும்போது வேறொரு தொல்லை. பின்சீட்டில் கட்டியிருந்த சேலை மூட்டையின் கயிறு அறுந்து, ஒரு இழையில் தொங்கிக்கொண்டிருந்தது. ஆளாளுக்கு என் வண்டியில் வைக்கிறேன் என்றார்கள். அவன் ஒத்துக்கொள்ளவில்லை. "இந்த வண்டியிலதான் வரணும்னு அப்பா சொல்லியிருக்காரு."

"நான் பிடிச்சுக்கிட்டு உக்காரவாண்ணே?" என்றேன். லாரியில் சரக்குமேல் உட்கார்ந்து தூங்கியே பழகியவன். மூட்டை எந்தப் பக்கம் சாயும் என்று உடம்புக்குத் தெரியும்.

"டவுனுக்கா போற? ஏறு."

மூட்டையை அணைத்துக்கொண்டு ஏறினேன். ஒரு வருஷமாக எல்லாரும் பேசிய வண்டியில் மதுரையில் முதல் முதலாகப் பின்னால் உட்கார்ந்தவன் நான்தான். இதை நான் எத்தனையோ டீக்கடைகளில் சொல்லியிருக்கிறேன். நம்பியவர்கள் குறைவு.

அந்தச் சந்தோஷம் விளாங்குடி வரைக்கும்தான். பரவையை விட்டதுமே பின்னால் வெள்ளைப் புகை கிளம்பியது. பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்து ஒதுங்கினார்கள். பிறகு வண்டி இருமியது. ஒரு சிலிண்டர் நின்று நின்று ஓடியது. அவன் என்னென்னவோ செய்து பார்த்தான். விளாங்குடியில் ஒரு வீடு கட்டிக்கொண்டிருந்த இடத்துக்கு முன்னால் வண்டி ஒரேயடியாக நின்றுவிட்டது. இரண்டு குழலிலும் புகை மட்டும் சோம்பலாக வந்துகொண்டிருந்தது.

எல்லா வண்டிகளும் நின்றன. அவன் கீழே உட்கார்ந்து பிளக்கைக் கழற்றிப் பார்த்தான். கரியும் எண்ணெயுமாக நனைந்திருந்தது. டாங்க் மூடியைத் திறந்து மோந்தான். பிறகு நிமிர்ந்து டிரில் மாஸ்டரைப் பார்த்தான்.

"மாப்ள, பெட்ரோல்ல எண்ணெய் கலந்தியா?"

"கலக்காம? எண்ணெய் இல்லாட்டி எஞ்சின் கடிச்சுக்கிட்டு இறுகிப்போயிருமே. அதுவும் புது எஞ்சின்னு பங்க்காரன்கிட்டச் சொல்லி ரெண்டு பங்கா ஊத்தியாந்தேன்."

இரட்டைக் குழல் வண்டிகளுக்கு அதுதான் முறை. பெட்ரோலோடு எண்ணெயைக் கலந்துதான் ஊற்ற வேண்டும். மதுரையில் அந்த வண்டி வைத்திருந்த எவருக்கும் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். புது எஞ்சின் என்றால் பாசத்தோடு இன்னும் கொஞ்சம் கூட்டி ஊற்றுவார்கள், பிள்ளை பெற்றவளுக்கு நெய் ஊற்றுகிற மாதிரி.

"இதுக்கு எண்ணெய்க்குத் தனி டாங்க் இருக்கு மாப்ள. வேணுங்குறத அதுவே இழுத்துக்கிடும். டாங்க்ல வெறும் பெட்ரோல்தான் ஊத்தணும்."

டிரில் மாஸ்டர் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். ஒரு வருஷம் சட்டைப் பையில் வைத்துக் கும்பிட்ட வண்டியை அவரே நிறுத்திவிட்டார். "டவுன் பங்குக்குப் போய் வாங்கியாரவா?" என்றார் ஒருவர். எல்லாரும் மேற்கே பார்த்தார்கள். நாகமலைக்கு மேலே சூரியன் ஒரு முழம்தான் இருந்தது. செல்லூர் போய் வரிசையில் நின்று திரும்பி வருவதற்குள் ஊரெல்லாம் விளக்கு வைத்துவிடும். கூட இருந்த இருநூற்றைம்பதுகள் எல்லாவற்றிலும் எண்ணெய் கலந்த பெட்ரோல். ஸ்கூட்டரிலும் அதேதான். வெறும் பெட்ரோல் ஓடுவது பெரிய வண்டிகளில் மட்டும். அதைச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

செங்கல் சூளைக்காரர் எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார்.

"அண்ணே," என்றான் அவன். "ஒங்க டாங்க்ல இருக்கதுதான் சுத்தமான பெட்ரோல்."

"தெரியும்."

"கொஞ்சம் குடுத்தீகன்னா வீடு போய்ச் சேந்துருவேன்."

"போய்ச் சேந்தா வண்டி ஒனக்கு. சேரலன்னா எனக்கு. எங்கிட்டயே கேக்குறியாக்கும்?"

"ஆமாண்ணே. வேற ஆளு இல்ல."

"நான் செஞ்ச தப்புக்கு அவன..." என்று டிரில் மாஸ்டர் ஆரம்பித்தார்.

"மாஸ்டர், நீ பேசாத. நீ ஊத்துன பொகையே இன்னும் அடங்கல."

சூளைக்காரர் அந்தச் சிவப்பு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். குனிந்து எஞ்சினைப் பார்த்தார். கியர் போடும் கம்பியை விரலால் தொட்டார். அவர் முகத்தில் ஆசை அப்படியே தெரிந்தது. சும்மா நின்றாலே போதும், வண்டி அவருக்குத்தான். எதையும் செய்ய வேண்டியதில்லை. அவர் கூட்டாளிகள் சிலர் சிரிக்கக்கூட ஆரம்பித்திருந்தார்கள்.

"இது நல்லா ஓடி, எங்கிட்டத் தோத்து, அப்பறம் வித்தீகன்னா வாங்குவேன்," என்றார் கடைசியில். "எண்ணெயக் குடிச்சுட்டு வாந்தியெடுத்துக் கெடக்குறதத் தூக்கிட்டுப் போனா ஊர்ல என்னைய என்னா சொல்லுவாய்ங்க? ஆனா ஒண்ணு. என் பெட்ரோல்ல ஓடுற வண்டி எனக்குப் பின்னாடிதான் வரணும். ஒங்க வீட்டு வாசல் வரைக்கும். முந்தக் கூடாது."

இரட்டைக் குழல் பக்கத்தில் பெரிய கூச்சல். அது எப்படி, ஒரு வருஷமாகக் காத்திருந்தது இதற்கா, முதல் முதலில் ஊருக்குள் நுழையும்போது அடுத்தவன் பின்னாலா என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். அவன் அவர்கள் பக்கம் திரும்பவே இல்லை.

"சரிண்ணே" என்றான்.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. கெட்ட பெட்ரோலை வடித்துக் கொட்டினோம். கட்டட வேலை செய்துகொண்டிருந்த கொத்தனாரிடம் மட்டம் பார்க்கும் ரப்பர் டியூப் இருந்தது. "பெட்ரோல் வாடை போகாதுய்யா, நாளைக்குச் செவுரே கோணிப்போகும்" என்று முனகிக்கொண்டே கொடுத்தார். தச்சர் உப்புத்தாள் கொடுத்தார். அவன் பிளக்கைத் தேய்க்க உட்கார்ந்தான். டியூபை சூளைக்காரர் வண்டியின் டாங்கில் விட்டாயிற்று. யார் வாயால் உறிஞ்சுவது என்பதுதான் கேள்வி. எல்லாரும் இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தார்கள்.

"கொண்டாங்க" என்று நான் வாங்கிக்கொண்டேன். லாரியில் டீசலை இப்படித்தான் எடுப்போம். டீசல் வழுக்கிக்கொண்டு வரும். பெட்ரோல் அப்படியில்லை. உறிஞ்சியதும் ஒரு வாய் உள்ளே வந்து நாக்கைப் பொசுக்கியது. துப்பிவிட்டு டியூபை டிரில் மாஸ்டரின் காலி டின்னில் போட்டேன். நீர் கண்ணை மறைத்தது. பெட்ரோல் கலகலவென்று இறங்கியது. அதற்குப் பிறகு இரண்டு நாள் சோற்றிலெல்லாம் பெட்ரோல் ருசிதான்.

"போதும், போதும், நான் வீட்டுக்குப் போக வேணாமா?" என்றார் சூளைக்காரர். சொன்னாரே தவிர, டியூபை எடுக்கச் சொல்லவில்லை.

டின்னில் இறங்கியதைச் சிவப்பு வண்டியில் ஊற்றி முடித்தபோது என் கையெல்லாம் எண்ணெயும் பெட்ரோலும். இந்தக் கையோடு பட்டு மூட்டையைத் தொட முடியாது. சட்டையைக் கழற்றிக் கையை அழுத்தித் துடைத்து, அந்தச் சட்டையைக் கட்டட மணலிலேயே போட்டுவிட்டேன். அது ஒன்றும் நல்ல சட்டை இல்லை.

முதல் உதைக்கு வண்டி எழவில்லை. இரண்டாவதற்கு இருமியது. மூன்றாவதற்கு ஒரு பக்கம் பிடித்தது, உடனே மறுபக்கமும் பிடித்தது. குழலில் மிச்சமிருந்த எண்ணெயெல்லாம் ஒரு மேகமாக வெளியே போய், பிறகு புகை மெலிந்து, பரவையில் கேட்ட அதே அடக்கமான குரல் திரும்ப வந்தது. டிரில் மாஸ்டர் எழுந்து விசிலை ஊதினார். ஏன் ஊதினார் என்று அவருக்கே தெரியாது. கொத்தனார், தச்சர், சித்தாள்கள் எல்லாரும் கைதட்டினார்கள்.

முன்னால் சூளைக்காரர் போனார். தடதடவென்ற சத்தம் ரோட்டையே அதிர வைத்தது. அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே நாங்கள். எங்களுக்குப் பின்னால் மற்ற எல்லாரும், இரண்டு கட்சியும் கலந்து, ஸ்கூட்டர்காரர் உட்பட. மற்ற நாளாக இருந்தால் எங்கள் வண்டி அவரைத் தாண்ட ஒரு திருகு போதும். உட்கார்ந்திருந்த சீட்டிலேயே எனக்கு அது தெரிந்தது. எஞ்சின் முன்னால் போகத் துடித்தது. அவன் கையை அசைக்கவில்லை. அன்றைக்கு அவனுக்குத் தேவைப்பட்டது வேகமில்லை, வழி. வழியைச் சூளைக்காரர் திறந்துகொண்டே போனார். அந்த இடிச் சத்தத்துக்கு செல்லூரில் மாட்டு வண்டிகள் ஒதுங்கின. வைகைப் பாலத்தில் சைக்கிள்காரர்கள் ஓரமாக இறங்கி நின்றார்கள். சிம்மக்கல்லில் ஒரு போலீஸ்காரர் இத்தனை மோட்டார் சைக்கிள்களைப் பார்த்து யாரோ மந்திரி வருகிறார் என்று நினைத்து, குறுக்கே வந்த பஸ்ஸை நிறுத்தி எங்களுக்கு சல்யூட் அடித்தார். சூளைக்காரர் தலையை லேசாக அசைத்து அதை வாங்கிக்கொண்டார். வெற்று மார்போடு மூட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருந்த என்னை அந்தப் போலீஸ்காரர் என்னவாக நினைத்தாரோ தெரியாது.

அவன் வீட்டுத் தெருவுக்குள் நாங்கள் திரும்பியபோது இரண்டு பக்கமும் தறிச் சத்தம். ஒவ்வொரு வீட்டுத் தறியாக நின்றது. ஆட்கள் வெளியே வந்தார்கள். வானத்தில் வெளிச்சம் இன்னும் கொஞ்சம் இருந்தது. நான் மூட்டைக்கு மேலாகத் தலையை நீட்டி வீட்டு வாசலைப் பார்த்தேன். வெள்ளை வேட்டியில் அவன் அப்பா நின்றார். அவருக்குப் பின்னால் வீட்டுக்குள் அம்மா, விளக்கின் முன்னால், கையில் தீப்பெட்டியோடு. விளக்கு ஏற்றப்பட்டிருக்கவில்லை.

அதன் காரணம் அவன் பிறகு சொல்லித்தான் எனக்குத் தெரியும். அம்மா அந்த மாலை முழுக்க ஒரு குச்சியைக்கூடப் பற்றவைக்கவில்லை. தீப்பெட்டி நமத்துவிட்டது என்றாராம். அப்பா வேறு பெட்டி வாங்கிக் கொடுத்தாராம். அதுவும் நமத்துவிட்டது என்றாராம். திரி சரியில்லை, எண்ணெய் சரியில்லை என்று கடைசியில் பித்தளை விளக்கையே இன்னொரு தரம் துலக்கப் போய்விட்டாராம். எங்கள் சத்தம் தெருமுனையில் கேட்ட பிறகுதான் திரும்பத் தீப்பெட்டியைக் கையில் எடுத்தார்.

அப்பா வண்டியைப் பார்க்கவே இல்லை. நேராக என்னிடம் வந்து மூட்டையை வாங்கினார். அங்கேயே பிரித்தார். ஒவ்வொரு சேலையாக மூக்குக்குக் கொண்டுபோய் மோந்தார். தெரு முழுக்க அவர் மூக்கையே பார்த்துக்கொண்டு நின்றது. விளாங்குடியிலிருந்து மூட்டையை விரல் படாமல் முழங்கையால்தான் அணைத்திருந்தேன். ஆனாலும் ஒரு சொட்டு பட்டிருந்தால் அவ்வளவுதான். கடைசிச் சேலையை மோந்த பிறகு என்னையும் கிட்டே வந்து மோந்து பார்த்தார். முகத்தைச் சுளித்தார். மகனிடம் அவர்கள் வீட்டு மொழியில் என்னவோ சொன்னார்.

"என்னப்பா சொல்றாரு?" என்றார் சூளைக்காரர். அவர் இன்னும் வண்டியை விட்டு இறங்கவில்லை.

அவன் சிரிக்க ஆரம்பித்திருந்தான். "எண்ணெயெல்லாம் இந்தப் பய மேலதான் இருக்காம், சேலைல இல்லையாம். வண்டிய உள்ள ஏத்துன்னு சொல்றாரு. தெருவ மறிச்சுக்கிட்டு நின்னா எப்புடி வெளக்கு வைக்கிறதுன்னு கேக்குறாரு."

டிரில் மாஸ்டர் அழுதேவிட்டார். இரட்டைக் குழல்காரர்கள் ஹாரனை அமுக்கிய கையை எடுக்கவில்லை. பெரிய வண்டிக்காரர்களும் சேர்ந்து அடித்தார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவே உள்ளே அம்மா விளக்கை ஏற்றினார். முதல் குச்சியிலேயே பற்றிக்கொண்டது.

சூளைக்காரர் கிளம்பும்போது அவனைக் கூப்பிட்டார். "எஞ்சின் பழகட்டும். அப்பறம் வாடிப்பட்டி ரோட்டுல ஒரு நாள் வச்சுக்கிடுவோம். அன்னைக்கு நான் பெட்ரோல் தரமாட்டேன்."

"சரிண்ணே."

"கடைக்காரன்கிட்டச் சொல்லி எனக்கும் ஒண்ணு எழுதி வை" என்று தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டுப் போனார். அவருடைய ஆட்களுக்குக் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது.

அன்று அந்த வீட்டில்தான் சாப்பிட்டேன். புளிச்சோறு, அப்பளம், என் வாய்க்கு எல்லாமே பெட்ரோல். அவனுடைய பழைய சட்டை ஒன்றைக் கொடுத்தார்கள். தறி இருந்த அறையில் நூல் கண்டுகளுக்குப் பக்கத்தில் பாயை விரித்துப் படுத்தேன். அடுத்து எந்த ஊருக்குப் போவது என்று யோசிக்க நினைத்து, யோசிக்காமலே தூங்கிவிட்டேன்.

காலையில் எழுந்தபோது வாசலில் வண்டி துடைத்துத் தயாராக நின்றது. பக்கத்தில் புது மூட்டை. காரைக்குடியில் ஒரு கல்யாண வீட்டுக்குச் சேலை காட்டிவிட்டுச் சாயங்காலமே திரும்ப வேண்டும் என்று அப்பா சொல்லிக்கொண்டிருந்தார். நேற்று வரை மகன் கெஞ்சிய யோசனை இன்றைக்கு அவருடைய யோசனையாகிவிட்டது. அடுத்த வாரம் கோயம்புத்தூர், அதற்கடுத்து நாகர்கோவில் என்று அடுக்கினார். மகன் தலையை ஆட்டிக்கொண்டே என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினான்.

அப்பா என் பக்கம் திரும்பினார். "எம்புட்டுப் படிச்சிருக்க?"

"ஏழாவது. அதுலயும் பாதிதான்."

"மூட்டையப் புடிக்க அது போதும். வெளியூர்ல ராத்திரி தங்கிட்டா ஆளத் தேடி வீட்டுலருந்து யாராச்சும் வருவாங்களா?"

"யாரும் வரமாட்டாங்க."

"ராத்திரிக்குச் சாப்பிடுவியா?"

"குடுத்தா சாப்பிடுவேன்."

"குடுப்போம். ஏறு."

மூட்டையை மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு பின்சீட்டில் ஏறினேன். அதுதான் வேலை. வண்டி கீழவாசல் தாண்டிக் கிழக்கே திரும்பியது.